நாற்பது குறைகிறது

கதவைப் பூட்டிவிட்டோம்.
எண்ணி முடியும்வரை
எட்டுப் பேரில் ஒருத்தியும் வெளியே போகக் கூடாது.
வங்கியின் சட்டம்.
கீழே எங்கள் கையெழுத்து இருக்கிறது,
நிகோலாசாவுடையது மட்டும் ரேகை.
சாவி என் பாவாடைப் பையில்.
நான்தான் பொருளாளர்.

எல் ஆல்தோவில் வியாழக்கிழமை மாலை.
கூரைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகின்றன கேபிள் கார்கள்.
அதில் உட்கார்ந்தால் எங்கள் தகரம் தெரியும்,
தகரத்தின் மேல் வைத்த கற்கள் தெரியும்.

மூவாயிரத்து முந்நூற்று இருபது.
மூன்றாம் முறையும் அதுவே.
எண்ண எண்ண வளர்வதற்கு
அது என்ன வட்டியா?

நாற்பது கசில்டாவுடையது.
பத்தொன்பது நாள் சாலை மறியல்.
சோள லாரி ஓருரோ பாதையில் நின்றபடி நனைந்தது.
கடன் வாங்கி வாங்கிய அடுப்பு
பாதி நாள் பற்றவே இல்லை.
எல்லோருக்கும் அதே பத்தொன்பது நாள்தான்,
ஆனால் பசிலியா விற்பது நூல்.
நூல் கெடாது.

ஒருத்திக்கு ஏழு பேர் ஜாமீன்.
சுவரில் வங்கி ஒட்டிய படத்தில்
எட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள்.
எந்த ஊர்க்காரிகளோ.

"ஆளுக்கு ஐந்து போடுவோம்" என்றாள் தொமாசா.
"போட்டால் அவள் எனக்கும் கடன்காரி.
வங்கிக்கு ஒருத்தி போதும்" என்றாள் நிகோலாசா.
"யாரும் போட வேண்டாம்" என்றாள் கசில்டா,
தரையைப் பார்த்து.
எங்களிடம் இருந்ததும் அந்த ஐந்துதான்,
வீட்டுக்குப் போகிற மினிபஸ் காசு.

வங்கிப் பையன் வில்மர்
ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான்.
"எனக்கு அவசரமில்லை" என்றான்,
கடிகாரத்தைப் பார்த்து.
அவன் பைக்குக்கும் தவணை உண்டு,
வேறொரு வங்கியில்.

இருட்டியது.
கூரையில் முதல் ஆலங்கட்டி விழுந்தது.

அப்போதுதான் கசில்டா
முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.
பஸ் நிலையத்து ராத்திரி வியாபாரத்துக்காகக் காய்ச்சிய அபி,
பட்டையும் கிராம்பும் போட்ட ஊதாச் சோளப் பானம்,
பெரிய பிளாஸ்கில்.
மூடியைத் திருகினாள்.
அறை முழுக்க வாசனை.

"கோப்பை ஐந்து பொலிவியானோ" என்றாள்.
குரல் மாறிவிட்டது.
தெருவில் நிற்கும் குரல்.

முதல் வார்ப்பு மண்ணுக்கு.
கடன் வந்த அன்று நோட்டுகளின் மேல்
சாராயம் தெளித்தோமே, அதே மண்ணுக்கு.
சிமெண்ட் தரையில் ஊதாவாகப் பரவியது.
பிறகு எங்களுக்கு.
நிகோலாசா பேரம் பேசினாள்.
நடக்கவில்லை.
ஏழு கோப்பை சரியாக வந்தது.
எட்டாவது, வில்மருக்கு,
பாதியில் நின்றுவிட்டது.
பிளாஸ்கைக் கவிழ்த்து உதறினாள்.
"மீதியை மண் குடித்துவிட்டது" என்றாள்.
அவன் பாதிக் கோப்பைக்கு
முழு ஐந்தை எடுத்து வைத்தான்.

மூவாயிரத்து முந்நூற்று அறுபது.
அவன் ரசீது எழுதினான்.
எங்கள் உதடுகள் ஊதா.
ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை.

கதவைத் திறந்தேன்.
பைக் சத்தம் போய்த் தேய்ந்தது.
மினிபஸ் எங்களைக் கடந்து போனது,
நடத்துனன் பேட்டைகளின் பெயரைக் கத்திக்கொண்டே.
நாங்கள் நடந்தோம்.

செங்கல் சூளை திருப்பத்தில்
கசில்டா என் பக்கம் வந்தாள்.
"நாளைக்குச் சோளம் வாங்க வேண்டும்.
பிளாஸ்க் காலி.
யாரிடமாவது பத்து இருக்குமா?"

இருந்தது.
பூட்டிய அறையிலும் இருந்தது.
மூன்று முறை எண்ணியபோதும் இருந்தது,
தொப்பியின் உள்மடிப்பில்,
நாலாக மடித்து.

தொப்பியைக் கழற்றினேன்.
ஆலங்கட்டி தலையில் விழுந்தது.